கடல் கடந்து வந்த பெருநாள் சலாம்

நம் நாட்டு அஞ்சலகங்களில் ஒரு காலத்தில் ஒரு பட்டியல் இருந்தது. வாழ்த்துத் தந்தி கொடுக்க வருகிறவர் வாசகம் எதையும் எழுத வேண்டியதில்லை. பட்டியலைப் பார்த்து ஓர் எண்ணைக் குறித்துக் கொடுத்தால் போதும். 1 என்றால் தீபாவளி வாழ்த்து. 2 என்றால் ஈத் முபாரக். 4 புத்தாண்டுக்கு. 8 மணமக்களுக்கு. சென்னையில் வேலை பார்க்கும் மகன் அருப்புக்கோட்டையில் இருக்கும் தாய்க்கு அனுப்பிய பெருநாள் வாழ்த்து, கம்பியின் வழியே வெறும் ‘2’ ஆகப் பயணம் செய்து, இறங்கிய ஊரில் மீண்டும் சொற்களாகி, வண்ணப் படம் அச்சிட்ட தாளில் வீடு வந்து சேர்ந்தது.

இந்தத் தந்திச் சேவை 2013 ஜூலை 14 இரவோடு நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 160 ஆண்டுகள் நடந்த சேவை. அது நின்ற நாள் ஹிஜ்ரி 1434ஆம் ஆண்டின் ரமளான் மாதத்தில் அமைந்தது. நோன்பு தொடங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. ஆகஸ்டில் வந்த பெருநாளுக்கு 2ஆம் எண்ணைக் கேட்க எவருக்கும் வழியில்லாமற் போயிற்று. கேட்டிருப்போர் மிகச் சிலரே என்பதும் உண்மை. அதற்குள் எல்லார் கையிலும் அலைபேசி வந்துவிட்டிருந்தது.

வாழ்த்துத் தந்தியை நம் கரிசல் காட்டுச் சிற்றூர்கள் விரும்பியதும் இல்லை. தந்தி என்றால் சாவுச் சேதி என்பதே ஊரின் அனுபவம். தந்திக்காரரின் சைக்கிள் தெருமுனையில் திரும்பியதுமே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். உறையைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர் வந்து சேர்வதற்குள் வீடு சாவு வீடாகிவிடும். பெருநாள் காலையில் அப்படியோர் அதிர்ச்சியைத் தம் வீட்டுக்கு அனுப்ப எவரும் துணிவாரா? ஆகவே பெரும்பாலோர் கடிதத்தையே நம்பினர். கடிதத்துக்கும் முன்பு, ஊருக்குப் போகிற ஆளை நம்பினர்.

பெருநாளுக்கும் தொலைவிலிருந்து வரும் செய்திக்கும் இடையிலான உறவு அஞ்சல் துறையால் உண்டானதன்று. நம் மார்க்கத்தில் பெருநாள் நாட்காட்டியால் தீர்மானிக்கப்படுவதில்லை. பிறையைக் கண்டவர் சொல்லும் சொல்லால் தீர்மானிக்கப்படுகிறது. மதீனாவில் ஒரு முறை ஷவ்வால் பிறை தென்படவில்லை. மக்கள் மறுநாளும் நோன்பிருந்தனர். அன்று பகலின் கடைசிப் பகுதியில் வெளியூரிலிருந்து ஒரு பயணக் கூட்டம் வந்து, முந்தைய நாள் மாலையே தாங்கள் பிறையைக் கண்டதாகச் சாட்சி சொன்னது. நபி (ஸல்) அவர்கள் நோன்பை முறிக்கும்படியும், மறுநாள் காலையில் பெருநாள் தொழுகைத் திடலுக்கு வரும்படியும் மக்களைப் பணித்தார்கள் என்பது அபூதாவூத் உள்ளிட்ட தொகுப்புகளில் இடம்பெற்றுள்ள செய்தி. வழிப்போக்கர் சொன்ன ஒரு சேதியால் ஓர் ஊரின் நோன்பு நாள் அந்திப் பொழுதில் பெருநாளாக மாறிற்று.

இதற்கு மறுபுறமாக, ஸஹீஹ் முஸ்லிமில் குறைப் (ரஹ்) அவர்களின் செய்தி இருக்கிறது. உம்முல் ஃபள்ல் (ரலி) அவர்கள் ஓர் அலுவலாக அவரை சிரியாவுக்கு, முஆவியா (ரலி) அவர்களிடம் அனுப்பியிருந்தார்கள். அங்கேயே ரமளான் பிறை பிறந்தது. மாத இறுதியில் மதீனா திரும்பிய அவரிடம் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், அங்கே பிறையை எப்போது கண்டீர்கள் என்று கேட்டார்கள். வெள்ளி இரவு என்றார் அவர். நாங்கள் சனி இரவில்தான் கண்டோம், ஆகவே முப்பதை நிறைவு செய்வோம், அல்லது பிறையைக் காண்போம் என்று இப்னு அப்பாஸ் (ரலி) விடை சொன்னார்கள். முஆவியா அவர்கள் கண்டது போதாதா என்று கேட்டபோது, போதாது, அல்லாஹ்வின் தூதர் எங்களுக்கு இப்படித்தான் கட்டளையிட்டார்கள் என்றார்கள்.

இரண்டு செய்திகளையும் சட்டப் பிரச்சினைகளாகவே நாம் படித்துப் பழகியிருக்கிறோம். உள்நாட்டு ராவுத்தர் ஊர்களில் பெரிதும் ஹனஃபி வழக்கம். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ வழக்கம். ஒரு நாட்டுப் பிறை மற்றோர் நாட்டைக் கட்டுப்படுத்தும் என்பது ஹனஃபிகளிடம் பேர் பெற்ற கருத்து. உதயத் தலங்கள் வேறுபடும் என்பது ஷாஃபிஈகளின் கருத்து. அந்த விவாதம் இங்கே வேண்டாம். இரண்டு நிகழ்ச்சிகளிலும் பொதுவாக இருப்பது ஒன்று: சேதிக்கு ஒரு முகம் இருந்தது. வந்தவர் நேரில் நின்றார். எப்போது கண்டாய், நீயே கண்டாயா, வேறு யார் கண்டார் என்று அவரிடம் கேட்க முடிந்தது.

தந்தி வந்தபோது உலமாக்கள் தடுமாறியது இந்த இடத்தில்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், வட இந்தியாவில் தந்தி மூலம் பிறைச் சேதி வரத் தொடங்கியதும், பரேலியைச் சேர்ந்த அஹ்மத் ரஸா கான் அவர்கள் தந்தியைக் கொண்டு பிறையை உறுதி செய்ய முடியாதென்று தனி நூலே எழுதினார். 1911இல் டமாஸ்கஸைச் சேர்ந்த ஜமாலுத்தீன் அல்காஸிமி அவர்கள் அதற்கு நேரெதிராக, தந்திச் செய்தியைக் கொண்டு செயல்படலாம் என்று ஒரு நூல் எழுதினார். இன்று பலர் முன்னவரைப் பழமைவாதி என்றும் பின்னவரை முற்போக்காளர் என்றும் எளிதாகப் பிரித்துவிடுவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தந்தி அலுவலகத்தில் எவர் வேண்டுமானாலும் எவர் பெயரிலும் ஒரு வாசகத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாம். அனுப்பியவரின் குரலும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. நடுவில் பல குமாஸ்தாக்களின் கை. சாட்சி வேறு, தகவல் வேறு என்ற பழைய வேறுபாட்டை அந்த உலமாக்கள் விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். தீயவன் கொண்டு வரும் செய்தியைத் தீர விசாரித்துக்கொள்ளும்படி அல்ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிட்டிருக்கும்போது, கொண்டு வந்தவன் நல்லவனா தீயவனா என்றே தெரியாத செய்தியை என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. பெருநாளிரவில் கைப்பேசியைத் திறந்து, ஐந்து வெவ்வேறு பிறை அறிவிப்புகள் ஐந்து குழுக்களில் சுற்றுவதைப் பார்த்த எவரும் அந்தக் கேள்வியைக் கேலி செய்ய மாட்டார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் ஆற்றை நம்பி வாழும் நாடன்று. திருச்சுழியை ஒட்டிப் போகும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். கண்மாயும் ஐப்பசி, கார்த்திகை மழையும் கைகொடுத்தால் விளைச்சல். இல்லையேல் கரிசலில் பருத்தியும் கம்பும் சோளமும் கிடைத்தவரை. ஊருக்குள் தறி. தாது வருஷப் பஞ்சம் என்று மக்கள் நினைவில் நின்ற 1876–78 பெரும்பஞ்சத்துக்கு முன்னும் பின்னும், இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தனர். தோட்டக் கூலியாகப் போனவர் உண்டு. கடைச் சிப்பந்தியாகப் போய்க் கடை முதலாளியானவர் உண்டு. முஸ்லிம்களில் பெரும்பாலோர் சிறு வணிகம், துணிக்கடை, சாப்பாட்டுக் கடை, துறைமுக வேலை என்று நின்றனர். அவர்கள் இந்தப் போக்குவரத்தை ‘சபர்’ என்றே சொன்னார்கள். பயணம் என்ற பொருளுடைய அரபுச் சொல், நம் ஊர்களில் வெளிநாட்டுப் பிழைப்பு என்ற பொருளைப் பெற்றது.

சபருக்குப் போகிறவர் மாட்டு வண்டியில் விருதுபட்டி ரயில் நிலையத்துக்குப் போவார். (விருதுநகர் என்ற பெயர் பின்னால் வந்தது.) 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின் ரயிலும் கப்பலும் இணைந்த இலங்கைப் பயணம் எளிதாயிற்று: தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடியும் ரயில். மலாயா போகிறவருக்கு நாகப்பட்டினம். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிற்று. தமிழ்நாட்டு முஸ்லிம் குடும்பங்களில் அந்தக் கப்பலின் பெயரைக் கேள்விப்படாத முதியவர் அரிது. மனிதர் போன அதே வழியில்தான் கடிதமும் வந்தது.

இந்திய அஞ்சல் துறை கால் அணா விலைக்கு அஞ்சலட்டையை வெளியிட்டது 1879 ஜூலையில்; மணியார்டர் முறையைத் தொடங்கியது 1880இல். நம் ஊர்களின் பெருநாளை மாற்றியவை இவ்விரண்டும். மணியார்டர் ஷஅபானிலேயே வர வேண்டும். அப்போதுதான் துணி எடுக்கலாம், தையற்காரரிடம் கொடுக்கலாம், பிந்தினால் அவர் வாங்க மாட்டார். பணத்தை அனுப்புகிறவர், ஃபித்ராவுக்கு இவ்வளவு, பள்ளிவாசலுக்கு இவ்வளவு, அத்தை மகளுக்குச் சேலைக்கு இவ்வளவு என்று துண்டு இடத்தில் நுணுக்கி எழுதுவார். கடிதத்தில் மற்றொரு சிக்கல் இருந்தது. கப்பல் கரை சேரவே ஒரு வாரம் போல் ஆகும். பெருநாள் எந்தக் கிழமை என்பதோ கடைசி மாலை வரை எவருக்கும் தெரியாது. ஆகவே பினாங்கிலிருந்து எழுதுகிறவர் நோன்பின் முதற்பத்திலேயே உட்கார்ந்து, இன்னும் வராத ஒரு நாளுக்கு வாழ்த்து எழுதினார். சில கடிதங்கள் ஸஹருக்கு எழுப்பும் வேளையில் நோன்பாளிகளை அடைந்தன. சில ஆறு நோன்பும் முடிந்த பின் வந்தன. பிந்தி வந்த பெருநாள் வாழ்த்தை எவரும் குறை சொன்னதில்லை.

அக்காலக் கடிதங்களுக்கு ஒரு மரபு இருந்தது. உச்சியில் 786. அடுத்து சலாம். பிறகு இவ்விடம் அனைவரும் நலம், அவ்விடத்து நலம் அறிய ஆவல். காரியம் இரண்டு வரியில் முடிந்துவிடும். மீதித் தாள் முழுவதும் பெயர்கள்: பெரியோர்க்கு சலாம், சிறியோர்க்கு துஆ. நன்னிக்கு, பெரியத்தாவுக்கு, லாத்தாவுக்கு, மச்சானுக்கு, பள்ளிவாசல் இமாமுக்கு, கிணற்றடி வீட்டு நாயக்கருக்கு, தறி போட்டுக் கொடுத்த செட்டியாருக்கு என்று அது நீளும். இன்றைய வாசகருக்கு இது வெறும் சடங்காகத் தோன்றும். அன்று யாருடைய பெயராவது விடுபட்டால் அது அடுத்த கடிதம் வரை மனத்தாங்கலாக நின்றது.

இந்தப் பட்டியலுக்குப் பின்னால் மார்க்கத்தின் ஓர் ஒழுங்கும் இருந்தது. ஜிப்ரீல் (அலை) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுக்கு சலாம் சொன்னதை நபி (ஸல்) அவர்கள் எடுத்துச் சொன்னதும், அதற்கு ஆயிஷா (ரலி) பதில் சலாம் சொன்னதும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளன. ஒருவர் தூதர் மூலமோ தாளில் எழுதியோ சலாம் அனுப்பினால், அது சேர்ந்ததும் உடனே பதில் சொல்வது கடமை என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். சலாத்தைச் சொல்வதாக ஒப்புக்கொண்டவருக்கு அது அமானிதம். ஆகவே, கடிதம் வாசிக்கப்பட்ட திண்ணையில் அந்தப் பெயர்ப் பட்டியல் முடிந்த பிறகுதான் வேலை தொடங்கும். சிறுவர்கள் வீடு வீடாக அனுப்பப்பட்டனர். கொழும்பிலிருந்து அத்தா உங்களுக்கு சலாம் சொல்லியிருக்கிறார் என்று பத்து வீட்டில் சொல்லித் திரும்பிய சிறுவனுக்குப் பத்து வீட்டிலும் ஏதாவது தின்னக் கிடைத்தது. ஒரே ஒரு கால் அணா அட்டை ஒரு தெருவையே தொட்டுவிட்டுப் போயிற்று.

ஆனால் இந்தக் காட்சியின் அழகில் மயங்கிவிடக் கூடாது. கடிதம் உரக்க வாசிக்கப்பட்டது. ஏனெனில் யாருக்காக எழுதப்பட்டதோ அவருக்குப் பெரும்பாலும் படிக்கத் தெரியாது. கணவன் மனைவிக்கு எழுதியதை மாமனார் கேட்டார், மைத்துனர் கேட்டார், வாசிக்க வந்த பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான். இப்படி நாலு பேர் காதில் விழும் என்று தெரிந்தவன் மனைவிக்கு என்ன எழுதுவான்? உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதுவான். அவள் பதில் சொல்ல வேண்டுமென்றால் அதையும் வேறொருவர்தான் எழுத வேண்டும். மூன்று பெருநாள், நான்கு பெருநாள் என்று தனித்திருந்த பெண்களின் மனத்தில் இருந்தது எந்தக் கடிதத்திலும் இல்லை.

இதற்கு ஒரு வாசல் இருந்தது, அது அரபுத்தமிழ். பெண் குழந்தைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத வீடுகளும் குர்ஆன் ஓத மக்தபுக்கு அனுப்பின. ஓதத் தெரிந்த பெண்ணுக்கு அரபு எழுத்து தெரியும். தமிழின் ஒலிகளுக்கெனச் சில எழுத்துகளைத் திருத்திச் சேர்த்துத் தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை நம்மிடம் நெடுநாளாக இருந்தது. கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) போன்ற பெரியோர் அதில் நூல்கள் செய்தனர். அவர்கள் மறைந்தது 1898இல். கடற்கரை ஊர்களில் மிகுதியாகவும், உள்நாட்டில் ஓதிய குடும்பங்களிலும் பெண்கள் அந்த எழுத்தில் தாமே கடிதம் எழுதினர். உறையின் மேல் முகவரி மட்டும் தபால்காரருக்காகத் தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். உள்ளே இருப்பதை வாசிக்க மைத்துனர்களில் பலருக்குப் பொறுமை இராது; தெரு எழுத்தருக்கோ தெரியவே தெரியாது. அரபுத்தமிழைப் பற்றிப் பேசும்போது நாம் மார்க்க நூல்களையே சொல்கிறோம். பெண்கள் தம் கணவருக்கு எழுதிய அந்தச் சாதாரணக் கடிதங்கள் எத்தனை வீட்டுப் பரண்களில் செல்லரித்துப் போயின என்று எண்ணும்போதுதான் எனக்கு இழப்பின் அளவு தெரிகிறது. வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் அவற்றை ஓதல் தாள் என்று கருதி, மரியாதையோடு கிணற்றில் விட்டதும் உண்டு.

அச்சிட்ட செய்தியும் இதே கடலில் போய் வந்தது. இலங்கையில் சித்தி லெப்பை அவர்கள் 1882இல் தொடங்கிய முஸ்லிம் நேசன், சிங்கப்பூரில் மகுதூம் சாயபு அவர்கள் 1887இல் தொடங்கிய சிங்கை நேசன், பின்னர் தமிழ்நாட்டில் பா. தாவூத்ஷா அவர்களின் தாருல் இஸ்லாம் முதலியவை கப்பல் தபாலில் ஊர் மாறின. ஒரு பிரதியைப் பலர் கேட்டனர். துருக்கியில் என்ன நடக்கிறது, கிலாஃபத் என்ன ஆயிற்று என்பதெல்லாம் நோன்பு மாத இரவுகளில், தராவீஹ் முடிந்த பின், பள்ளிவாசல் வாசலில் பேசப்பட்டது இப்படித்தான்.

பிறகு சேதியே வராத ஆண்டுகள் வந்தன.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பானியர் குண்டு வீசினர்; 25ஆம் நாள் மீண்டும் வீசினர். ஹிஜ்ரிக் கணக்கில் அது துல்ஹஜ் மாதத்தின் முதற்பத்து. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு வாரம்கூட இல்லை. குர்பானிக்கு ஆடு பிடித்துக் கட்டிவிட்டு, மகனுடைய கடிதத்துக்காகக் காத்திருந்த வீடுகளுக்கு அந்தச் சேதி வந்து சேர்ந்தபோது, மகன் எங்கே என்று சொல்ல யாருமில்லை. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வெளியேற முயன்றனர். வழியில் மாண்டவர் கணக்கு இன்று வரை சரியாகத் தெரியாது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8இல் ரங்கூன் வீழ்ந்தது. வழக்கமான தபால் நின்றது.

அடுத்து மூன்று நோன்புப் பெருநாள்கள், மூன்று ஹஜ்ஜுப் பெருநாள்கள் கடந்தன. கணவன் உயிரோடிருக்கிறானா, தான் மனைவியா, கைம்பெண்ணா என்று தெரியாமல் அத்தனை பெருநாள்களையும் கழித்த பெண்கள் கடல் கடந்தோர் மிகுந்த எல்லா ஊர்களிலும் இருந்தனர். காணாமற் போனவனின் மனைவி எத்தனை காலம் காத்திருக்க வேண்டும் என்ற பழைய ஃபிக்ஹ் பாடம் காஜிகளின் முன் உயிருள்ள வழக்காக வந்து நின்றது. இந்தக் கேள்வியில் ஹனஃபி சட்டம் மிகக் கடினமானது. மாலிகி கருத்தின்படி நான்காண்டுக் கெடு. 1939இல் நிறைவேறிய முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், நான்காண்டுகள் கணவன் இருப்பிடம் தெரியாவிட்டால் மனைவி நீதிமன்றத்தில் மண முறிவு கோரலாம் என்று அந்த மாலிகி வழியைச் சட்டமாக்கியிருந்தது. உலமாக்களின் முயற்சியும் சேர்ந்து உருவான அந்தச் சட்டத்துக்கு இரண்டே ஆண்டுகளில் இவ்வளவு பெரிய தேவை வரும் என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

போர் முடிந்து, ஆங்கிலப் படை பினாங்கில் இறங்கியது 1945 செப்டம்பர் 3இல். சிங்கப்பூரில் செப்டம்பர் 5இல். ஹிஜ்ரி 1364ஆம் ஆண்டின் நோன்புப் பெருநாள் செப்டம்பர் 8ஆம் நாளை ஒட்டி வந்தது. மூன்றரை ஆண்டு மௌனத்துக்குப் பின், கப்பல் வழி திறந்த அதே வாரத்தில் பெருநாள். தபால் உடனே வந்துவிடவில்லை. அந்தப் பெருநாளையும் காத்திருந்துதான் கழித்தனர். ஆனால் அந்தக் காத்திருப்பில் இப்போது நம்பிக்கை இருந்தது. பிறகு வந்த கடிதங்களில் சில, இறந்தோரின் பெயர்களைச் சுமந்து வந்தன.

இரண்டாம் முறை கதவு சாத்தியது 1964. அந்த ஆண்டு மார்ச்சில் பர்மிய இராணுவ அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியது. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்கள் கையிலிருந்த நகையையும் இழந்து கப்பலேறினர். அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலையும் கடல் கொண்டது. இதில் நம் பகுதிக்கே உரிய ஒரு கசப்பு உண்டு. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி வழியாக மானாமதுரைக்கு ரயில் பாதை போடப்பட்டது 1960களின் முற்பகுதியில்தான். இராமேசுவரம் பாதையில் சேர நமக்கு ஒரு வழி கிடைத்து நெடுநாள் ஆகுமுன், அந்தப் பாதையின் மறுமுனையில் இருந்த துறைமுகம் இல்லாமற் போயிற்று. இரண்டு வாரத்தில் ரமளான் பிறந்தது. அந்த நோன்பின் இறுதிப் பகுதியில், 1965 ஜனவரி 25இல், மதுரையில் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி மூண்டு மாநிலமெங்கும் பரவிற்று, ரயில்கள் தடைப்பட்டன. பிப்ரவரித் தொடக்கத்தில் வந்த அந்தப் பெருநாளுக்கு மதுரையிலிருக்கும் உறவினரின் சேதியே ஊர் வந்து சேர்வது அரிதாக இருந்த காலம். கொழும்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வானொலி இருந்தது என்பர். திருச்சி வானொலி நிலையம் 1939 முதல் ஒலித்தது. இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சிகளை நம் பக்கத்து வீடுகளில் நோன்பு காலம் முழுவதும் கேட்டனர். பிறை அறிவிப்புக்காகப் பெட்டியைச் சுற்றி ஊரே நின்றது. ஆனால் வானொலி ஊருக்குப் பேசியது. ஒரு வீட்டுக்குப் பேசவில்லை.

1973க்குப் பின் எண்ணெய் விலை ஏறியதும் சபரின் திசை கிழக்கிலிருந்து மேற்குக்குத் திரும்பிற்று. துபாய், சவூதி, குவைத். இந்தக் காலத்தில் பழைய ‘ஊருக்குப் போகிற ஆள்’ மீண்டும் உயிர் பெற்றார். விடுப்பில் வருகிறவரின் பெட்டியில் அவருடைய பொருளைவிடப் பிறருடைய கடிதங்களும் ஒலிநாடாக்களும் மிகுந்திருந்தன. ஒலிநாடாக் கடிதம் ஒரு புரட்சி என்றே சொல்வேன். எழுதத் தெரியாத தாய், யாருடைய கையையும் நம்பாமல், தன் குரலிலேயே மகனிடம் பேசினாள். பேசத் தொடங்கி, பேச்சு வராமல், பாதி நாடா அழுகையாகவே ஓடியதும் உண்டு. அதே 1970களின் பிற்பகுதியில் கேரளத்தில் எஸ்.ஏ. ஜமீல் அவர்களின் துபாய்க் கத்துப்பாட்டு, வளைகுடாவில் இருக்கும் கணவனுக்கு மனைவி எழுதும் கடிதமாக அமைந்து, மலபாரையே உலுக்கிற்று. அரபுத்தமிழ்க் கடிதங்களில் நம் பெண்கள் மறைத்து எழுதியதை அந்தப் பாட்டு ஊரறியச் சொன்னது.

அடுத்து வந்த தொலைபேசிச் சாவடிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நாற்பதைக் கடந்த எல்லாருக்கும் நினைவிருக்கும். பெருநாள் காலையில் புத்தாடையோடு வரிசையில் நின்று, கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்தபடியே, நலமா, நலம், சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்று பேசி முடித்தோம். கட்டணம் ஓடும்போது வாய்க்கு வேறு சொல் வருவதில்லை.

இன்று அருப்புக்கோட்டையில் இருக்கும் தாய், துபாயில் இருக்கும் மகன் பெருநாள் தொழுகைக்குக் கிளம்புவதைத் திரையில் நேரில் காண்கிறாள். பெரும்பாலான ஆண்டுகளில் அங்கே பெருநாள், இங்கே அன்றும் நோன்பு. மகன் பிரியாணித் தட்டைக் காட்டுகிறான். தாய் இன்னும் இஃப்தாருக்கு ஐந்து மணி நேரம் இருக்கிறது என்று சிரிக்கிறாள். குறைப் (ரஹ்) அவர்களும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களும் ஒரு மாதம் கழித்துப் பேசிக்கொண்டதை இவர்கள் அதே நொடியில் பேசிக்கொள்கிறார்கள். அங்கே முன்னதாக நோன்பைத் தொடங்கி, மாத இறுதியில் விமானமேறி மதுரையில் இறங்குகிறவருக்கு முப்பத்தொன்றாவது நோன்பு வருவதுண்டு. வந்து சேர்ந்த ஊராரோடு சேர்ந்துகொள்ள வேண்டும் என்பதே பரவலான தீர்ப்பு. வந்த களைப்போடு நோன்பிருப்பவரைப் பார்த்து வீட்டார் படும் வருத்தம் தனி.

அதே கைப்பேசியில் பெருநாளிரவில் முந்நூறு வாழ்த்துகள் வந்து விழுகின்றன. பிறையும் மினாரும் பூவும் அசையும் படங்கள். அனுப்பியவர் நம்மை நினைத்து அனுப்பினாரா, பட்டியலில் இருந்தோமென்று வந்ததா? அதில் எழுதியிருக்கும் சலாமுக்கும் இமாம் நவவி சொன்ன கடமை பொருந்துமா என்று ஒரு மதரஸா மாணவர் என்னிடம் கேட்டார். ஆலிம்கள் சொல்ல வேண்டிய விடை அது. 2ஆம் எண் தந்திக்கும் இதே கேள்வி உண்டே என்று மட்டும் அவரிடம் சொன்னேன். ஆனால் அந்த 2ஐ அனுப்ப ஒருவர் அஞ்சலகம் வரை நடந்து, காசு கொடுத்து, நம் பெயரையும் முகவரியையும் தம் கையால் எழுதியிருப்பார்.

ஒருவர் கொண்டு வந்த சலாமுக்குப் பதில் சொல்லும்போது அனுப்பியவருக்கு மட்டுமின்றி, கொண்டு வந்தவருக்கும் சேர்த்து சலாம் சொல்வதே நம் முறை. ‘உம் மீதும் அவர் மீதும்’ என்று கொண்டு வந்தவரை முன்னே வைத்துச் சொல்வார்கள். கடல் கடந்த கடிதங்களை நம் வாசலுக்குக் கொண்டு வந்த தபால்காரர்கள் பெரும்பாலும் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவரல்லர். அவர்களுக்கென்று வேறொரு முறை இருந்தது. பெருநாளன்று தபால் இல்லை. ஆனாலும் அவர் வருவார். திண்ணையில் இலை போட்டுச் சோறு வைப்பார்கள். எழும்போது கையில் பெருநாள் காசு வைப்பார்கள். சாப்பிட்டுக் கை கழுவிய பின், முந்தைய வாரம் தாம் கொடுத்துப் போன கடிதத்தை, படிக்கத் தெரியாத நன்னிக்காக இன்னொரு முறை அவரே வாசித்துக் காட்டுவார். சலாம் சொல்லப்பட்ட பெயர்கள் எல்லாவற்றையும், ஒன்றுவிடாமல்.